காரில் உட்கார்ந்திருந்த கேட்சர்

அமெரிக்காவில் எந்த ஊர் பிடிக்கும் என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. எந்த ஊர் பார்க்கிங் லாட் பிடிக்கும் என்று கேளுங்கள், மணிக்கணக்காகப் பேசுவேன். டெக்சஸில் ஒன்று, மருந்துக்குக்கூட மரம் கிடையாது, ஏசியை நிறுத்தினால் ஸ்டியரிங் கையைச் சுடும். பென்சில்வேனியாவில் ஒன்று மலைச்சரிவில் இருந்தது. ஹேண்ட் பிரேக் போட்டும் நம்பிக்கை வராமல் காலை பிரேக்கிலேயே வைத்திருப்பேன். கலிபோர்னியாவில் பாதாம் தோட்டத்தை ஒட்டி ஒன்று. அங்கே ஒரு மெக்சிகோக்காரம்மா சோளம் சுட்டு விற்பாள். இன்னும் காரம் வேண்டும் என்று கையைக் காட்டினால் சிரித்துக்கொண்டே மிளகாய்ப்பொடியைத் தூவுவாள். என் மகன் இளமாறன் உள்ளே பந்து வீசிக்கொண்டிருக்க, இந்த இடங்களில் எல்லாம் நான் வெளியே காரில் உட்கார்ந்திருந்தேன்.

மாறன் பேஸ்பால் பிட்சர். கிரிக்கெட்டில் பவுலர் எப்படியோ அப்படி, ஆனால் ஓடி வரக்கூடாது. மைதானத்து நடுவில் ஒரு சின்ன மண்மேட்டில் நின்றபடியே வீச வேண்டும். அதுதான் அவன் தொழில், அதற்குத்தான் சம்பளம். ஏழு வருடம் மைனர் லீகில் ஆடினான். டிவியில் காட்டுகிற பெரிய லீகுக்கு ஒருநாளும் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் போய்விடுவான் என்று எதிர்பார்த்திருந்துவிட்டு என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் வீட்டுப் பக்கம் பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் இட்லி வாங்க நின்றால் போதும், ஒரு ஆன்ட்டி பிடித்துக்கொள்வாள். "சாந்தாமணி, பையன் என்ன பண்றான்?" "பேஸ்பால் ஆடறான்." "அது சரி, வேலை?" இந்தக் கேள்விக்கு ஏழு வருடமாக நான் சாம்பார் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

நான் ஏன் காரில் உட்கார்ந்தேன் என்பதைச் சொல்ல, முதலில் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வேண்டும்.

கோபிச்செட்டிபாளையத்தில் வேதியியல் எம்.எஸ்சி. முடித்தவள் நான். கணவரோடு வருகிறவர்களுக்கான எச்-4 விசாவில் வந்ததால் இங்கே வேலைக்குப் போகக் கூடாது. என் கணவர் சேனாபதி ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளைச் சோதிக்கிற பிரிவில் இருந்தார். விடிந்தால் போவார், இருட்டினால் வருவார். ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டில் பகல் முழுக்க நானும் வாஷிங் மெஷினும்தான். அப்போது ஒன்பது வயது மாறன் ஒருநாள் பந்தும் கையுமாக வந்து நின்றான். தினமும் வீசிப் பழக வேண்டும் என்று கோச் சொன்னாராம். வீசினால் பிடிக்க ஆள் வேண்டுமே!

நான் பள்ளியில் எறிபந்து டீமில் இருந்தவள். பந்து வந்தால் ஒதுங்குகிற ரகம் இல்லை. சுடிதாருக்கு மேல் சேனாபதியின் பழைய குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டேன். பிட்சர் வீசுவதைக் குந்தி உட்கார்ந்து பிடிப்பவருக்கு கேட்சர் என்று பெயர். எனக்குக் குந்த முட்டி ஒத்துழைக்காது, அதனால் பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். கையில் மாட்டிய மிட் என்ற தோல் கையுறையில் பந்து டப்பென்று விழும். அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. சோறு வெந்துகொண்டிருக்கும், பக்கத்து வீட்டு நாய் குரைக்கும், எனக்கு ஒன்றும் காதில் விழாது. இந்த நாட்டில் எனக்கென்று ஒரு வேலை இருந்தது என்றால் அது அந்த வாளிமேல்தான்.

தினமும் பிடித்துப் பிடித்து, அவன் கை எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. பதினொரு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டு என்னிடம் மறைத்தான். வார இறுதியில் போட்டி, சொன்னால் அனுப்பமாட்டேன் என்று பயம். அன்று சாயங்காலம் வழக்கம்போல் வீச வந்தான். இரண்டாவது பந்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். வலித்தால் அவன் முழங்கை ஒரு விரற்கடை கீழே இறங்கும், வீசி முடித்ததும் உள்ளங்கையைத் தொடையில் ஒரு தேய் தேய்ப்பான். "போதும், உள்ள வா" என்றேன். அழுதான், கத்தினான், "யூ ஆர் சோ மீன்" என்றான். நான் அசையவில்லை. போட்டிக்கும் அனுப்பவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தான்.

அவனுக்குப் பதினான்கு வயது ஆனபோது ஒரு பந்து என் கட்டைவிரலை உடைத்தது. அத்தோடு என் உத்தியோகம் போயிற்று. இனி ஸ்கூல் டீமில் நிஜமான கேட்சர் பிடிப்பான், நான் கேலரியில் உட்கார்ந்து நிம்மதியாகப் பார்க்கலாம் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் விட்டால்தானே!

சேனாபதிக்கு சத்தியமங்கலம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த வீடு. ஆட்டம் நமக்குச் சாதகமாகப் போனால் யார் எங்கே எப்படி இருந்தார்களோ அப்படியே இருக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். ஒருமுறை கிட்டுசாமி பெரியப்பா வெளியே கிளம்ப எழுந்த நேரம் பார்த்து இந்தியா சிக்ஸர் அடித்ததாம். ஆட்டம் முடிகிற வரை அவரை உட்கார விடாமல் செருப்போடு நிறுத்தி வைத்திருந்தார்களாம். இதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

மாறனின் முதல் ஹைஸ்கூல் ஆட்டத்தில் நான் முன் வரிசையில் உட்கார்ந்தேன். அவன் போட்டதையெல்லாம் எதிர் டீம் விளாசித் தள்ளியது. தாகம் எடுத்தது, தண்ணீர் பாட்டில் எடுக்க காருக்குப் போனேன். திரும்பி வர இரண்டடி வைத்திருப்பேன், சேனாபதி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"சாந்தா, வராத! அங்கயே நில்லு! நீ எந்திரிச்சுப் போனதும் வரிசையா மூணு பேரை அவுட் ஆக்கிட்டான்!"

"ஏனுங்க, தண்ணி எடுக்கத்தானுங்க வந்தேன்."

"கார்லயே உக்காந்து குடி. மேட்ச் முடியட்டும்."

அன்று மாறன் டீம் ஜெயித்தது. என் இடம் நிரந்தரமானது. போனில் வீடியோ வரும், ஆனால் அதுவும் கூடாது. கண் பட்டால் பட்டதுதான், போன் வழியாகப் பட்டால் என்ன, நேராகப் பட்டால் என்ன என்பது அவர் வாதம். ஸ்கோர் மட்டும் பார்த்துக்கொள்ள அனுமதி. நான் காரில் இருந்தும் மாறன் தோற்ற ஆட்டங்கள் ஏராளம். அதெல்லாம் கணக்கிலேயே வராது. தோற்றால் எதிராளி நன்றாக ஆடினான், ஜெயித்தால் நான் காரில் இருந்தேன். பெற்ற தாயின் கண்ணே படும் என்கிற மனிதரோடு எப்படி வாதாடுவது? நம்பினேனா என்றால் முழுசாக நம்பவில்லை. மீறிப்போகத் தைரியம் இருந்ததா என்றால் அதுவும் இல்லை.

காலேஜ் முடிக்கும் சமயம் ஒரு பெரிய டீம் அவனை எடுத்துக்கொண்டது. எடுத்து, தன்னுடைய சின்ன டீம்களில் ஒன்றுக்கு அனுப்பியது. அங்கே நன்றாக ஆடினால் ஒரு படி மேலே, பிறகு இன்னொரு படி. அவனைப் போன்ற பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்களும் லீவு கிடைத்தபோதெல்லாம் பின்னாலேயே போனோம். அதற்குள் கிரீன் கார்டு வந்து எனக்கும் ஒரு லேபில் வேலை கிடைத்திருந்தது. முதல் வருடம் டெக்சஸில் நான் ஒருமுறை பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"கண்ணு, இன்னைக்கு மட்டும் உள்ள வரட்டுமா? பின்னால ஒரு ஓரமா நின்னுக்கறேன்."

"நோ நோ, அம்மா, ப்ளீஸ். கார்லயே இரு. இட் ஒர்க்ஸ். வீடியோவும் வேண்டாம், ப்ராமிஸ் பண்ணு."

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, அப்பாவின் சத்தியமங்கலத்துச் சட்டத்துக்கு இப்படித் தலையாட்டுகிறானே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

காரில் இருப்பதும் பழகிப்போயிற்று. பழகிப்போனதென்ன, இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் ஆட்டத்துக்கு நடுவே வாசிக்கிற ஆர்கன் சத்தம் உள்ளே இருந்து வரும், பாப்கார்ன் வாசனை வரும். கூட்டம் ஓவென்று கத்தினால் நம் பக்கமா எதிர்ப்பக்கமா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அறிவிப்பாளர் 'இல்லாமேரன் செனபாட்டி' என்று அவன் பெயரைக் கொலை செய்வதைக் கேட்டு எத்தனையோ நாள் தனியாகச் சிரித்திருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் மாறன் முதலில் காருக்குத்தான் வருவான். வலது கையில் ஐஸ் கட்டியிருக்கும், எல்லா பிட்சரும் கட்டுவதுதான். முன் சீட்டில் உட்கார்ந்து இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு ஒரு டப்பா தயிர்சாதத்தைக் காலி செய்வான். கார் முழுக்க வியர்வையும் தோலும் மாவடு ஊறுகாயும் கலந்து மணக்கும். என் வாழ்க்கையில் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தது அந்த அரைமணி நேரங்களில்தான்.

போன செப்டம்பர். பென்சில்வேனியா டீம் ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தான். சீசனின் கடைசி வாரம் அவர்களுக்கு நம் பிரிட்ஜ்வாட்டரிலேயே ஆட்டம், ரயில் ஸ்டேஷனை ஒட்டிய மைதானத்தில். டீம் ஹோட்டலில் இருந்து சனிக்கிழமை போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, நாளைக்கு நீ உள்ள வரணும்."

"என்ன கண்ணு சொல்றே?"

"நாளைக்குத்தான் லாஸ்ட் கேம். மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். ஐ'ம் டன், அம்மா. டிக்கெட் கேட்ல உன் பேர்ல இருக்கும்."

சேனாபதி போனைப் பிடுங்கினார். "டேய், கடைசி மேட்ச்னா இன்னும் ஜாக்கிரதையா இருக்க வேண்டாமா? இத்தனை வருஷம் காப்பாத்தினதைக் கடைசி நாள்ல கெடுக்கப் போறியா?"

"அப்பா, ப்ளீஸ். அம்மா வரணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அன்றிரவு தோசைக்கு மாவு கரைத்தேன், சட்னிக்கு உப்பு போட மறந்தேன். என் பிள்ளை தொழிலாக ஆடி நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நாளையை விட்டால் இனி எப்போதும் இல்லை. ஆனால் நான் போய் உட்கார்ந்து, அவன் கடைசி ஆட்டம் நாசமாகப் போனால்? ஏழு வருடம் வெயிலில் காய்ந்தவன் என் கண்பட்டு அவமானப்பட்டு இறங்கினான் என்று ஆயுசு முழுக்க இவர் சொல்லிக் காட்டுவாரே! அவர் சொல்வது இருக்கட்டும், நானே என்னை மன்னிப்பேனா? காலையில் புடவை கட்டும்போதுகூட, போய்க் காரிலேயே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மைதானத்துக்கு வந்து காரைப் பூட்டியதும் கால்கள் தானாக கேட்டைப் பார்த்து நடந்தன.

டிக்கெட் சரியாக கேட்சருக்குப் பின்னால், வலைக்கு இந்தப் பக்கம். சேனாபதி எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சீட் காலியாக விட்டு உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டேன். "ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்றார். வந்த கோபத்தில் அந்தச் சீட்டில் என் கைப்பையை வைத்துக்கொண்டேன்.

பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸ், ஏழாவதில் பந்து வீச மாறனைக் கூப்பிட்டார்கள். தூரத்தில் இருந்த கதவு திறந்து, மெதுவாக ஓடி வந்தான். காரில் என் பக்கத்தில் தயிர்சாதம் சாப்பிட்ட பையன் இவ்வளவு உயரம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. முதுகில் பெரிய எழுத்தில் சேனாபதி என்று எங்கள் வீட்டுப் பெயர். எனக்குக் கண் மறைத்தது. அவசரமாகத் துடைத்துக்கொண்டேன், ஒரு பந்தைக்கூட விட மனமில்லை. பெயின்ட் வாளிமேல் உட்கார்ந்து நான் பார்த்த அதே திசையில் அவன் நின்றான்.

உடம்பைச் சூடாக்க முதலில் சும்மா சில பந்துகள் போடுவார்கள். ஒன்று போட்டான். இரண்டாவது போட்டான். முழங்கை இறங்கியது. வீசி முடித்ததும் உள்ளங்கை தொடையில் ஒரு தேய் தேய்த்தது.

அது இன்றைக்கு வந்த வலி இல்லை. இன்றைக்கு வந்த வலி என்றால் அவன் தோள் பயந்து தயங்கும். இது வலிக்கு இடம் கொடுத்து, அதைச் சுற்றிக்கொண்டு போகக் கற்றுக்கொண்ட கை. வருடக்கணக்காகப் பழகினால்தான் அப்படி வரும். பக்கத்தில் சேனாபதியைப் பார்த்தேன். எத்தனையோ ஆட்டங்களை நேரில் பார்த்த மனிதர், வேகம் எவ்வளவு என்று ஸ்கோர்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் ஆள் தூக்கி அடித்து கேட்ச் கொடுத்தான். அடுத்தவன் அடித்துவிட்டு ஓடினான். மூன்றாவது ஆள் அடித்த பந்து வேலியைத் தாண்டி ரயில் தண்டவாளம் இருக்கும் பக்கமாகப் போயிற்று. ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி. உள்ளூர்க் கூட்டம் எழுந்து ஆடியது.

"பாத்தியா? நான் சொன்னனா இல்லையா?" என்றார் சேனாபதி.

நான் எழுந்து நின்றிருந்தேன். "போதும், உள்ள வா" என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கத்தினால் அவனுக்குக் கேட்கும் தூரம்தான். மாறன் அந்த மண்மேட்டிலிருந்து என்னை நேராகப் பார்த்தான். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தலையை லேசாக, வேண்டாம் என்று ஆட்டினான். பதினொரு வயதில் அழுதுகொண்டு ஆட்டினான், இப்போது அழவில்லை, கெஞ்சினான். நான் உட்கார்ந்தேன். என் பிள்ளை விஷயத்தில் நான் செய்த கஷ்டமான காரியம் எது என்று கேட்டால், பெற்றதை அல்ல, அந்தச் சீட்டில் மறுபடி உட்கார்ந்ததைத்தான் சொல்வேன்.

அடுத்த ஆள் மூன்று வீச்சிலும் காற்றைத்தான் அடித்து அவுட் ஆனான். அதற்கடுத்தவன் தரையோடு தட்டி அவுட் ஆனான், மூன்று அவுட்டோடு இன்னிங்ஸ் முடிந்தது. மாறன் தொப்பியைக் கழற்றிக் கூட்டத்தைப் பார்த்து ஒருமுறை உயர்த்திவிட்டு உள்ளே போனான். எதிர் டீம் ரசிகர்களும் கைதட்டினார்கள். நானும் வளைந்த கட்டைவிரலோடு வலிக்க வலிக்கத் தட்டினேன்.

ஆட்டம் முடிந்து, பழக்கம்போல் காருக்கே வந்தான். ஐஸ் கட்டியிருந்தான். டப்பாவை நீட்டாமல் நான் அவன் முகத்தையே பார்த்தேன்.

"எத்தனை வருஷமா கண்ணு?"

"ஃபர்ஸ்ட் சீசன்ல இருந்து. டெக்சஸ்."

"என்னது எத்தனை வருஷம்? ரெண்டு பேரும் என்ன பேசறீங்க?" என்றார் சேனாபதி.

"முழங்கை வலிங்க. ஏழு வருஷமா வலியோட போட்டிருக்கான்."

அவர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடா..."

"யார்கிட்டயும் சொல்லலை, அப்பா. சொன்னா டீம்ல இருந்து ரிலீஸ் பண்ணிடுவாங்க. நீங்க ஸ்கோர் மட்டும்தான் பாப்பீங்க, அதனால உங்களைப் பத்தி எனக்கு பயம் இல்லை." பிறகு என் பக்கம் திரும்பினான். "நீ உள்ள வந்திருந்தா ரெண்டாவது பால்லயே கண்டுபிடிச்சிருப்ப, அம்மா. என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்ப."

"பின்ன? கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேன்."

"ஐ நோ. அதான் கார்லயே இருன்னு சொன்னேன். அப்பா சொன்ன லக் எல்லாம் நான் நம்பவே இல்லை."

அதாவது, என் கண்ணுக்கு இந்த வீட்டில் மெய்யாகவே பயந்தவன் ஒருவன்தான். எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. வெயிலிலும் பனியிலும் முட்டாள்தனமாக அந்தக் கார்களில் உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தேன், பார்த்தால் அதுதான் அவனுக்கு இந்த ஏழு வருடத்தைக் கொடுத்திருக்கிறது. ஒருநாள் நான் சொல் மீறி உள்ளே போயிருந்தால் டெக்சஸிலேயே எல்லாம் முடிந்திருக்கும். கை பிழைத்திருக்கும், அவன் ஆசை பிழைத்திருக்காது. இதில் எது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பெருமையாக இருந்தது, அது மட்டும் தெரியும். பெருமையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"ரொம்ப வலிச்சுதா சாமி?"

"வலிச்சுது. பட் ஐ காட் டு ப்ளே, அம்மா."

சிரித்தான். இருபத்தெட்டு வயதில், வேலை போன நாளில், ஒரு பிள்ளை அப்படிச் சிரிக்கலாமா! அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன், இடது தோள் பக்கமாகப் பார்த்து.